பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கியவன்

என் குருவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்பதால் சொல்லவில்லை. இந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அவர் மேடம். எனக்கு அவள்.

நான் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவள் இல்லை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். பாலிடெக்னிக்கில் பல வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, நடத்திய பாடத்தை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இயங்கிக்கொண்டிருந்த நம் கம்பெனியில் வந்து சேர்ந்தேன். கோழிப்பண்ணைக்கும் தறிக்கும் கன்ட்ரோலர் பெட்டி செய்கிற இடம். பெட்டிக்குள் மற்ற நிரல்களை எல்லாம் மேய்க்கும் அடிப்படை நிரலான கர்னலை நம் சர்க்யூட் போர்டுக்கு ஏற்ப மாற்றி எழுதுவது எங்கள் குழுவின் வேலை. குழு என்றால் மூன்றே பேர்: ஜலகண்டாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அவள், மெமரி சிப்புகளோடு பேசும் டிரைவர் நிரல்களை எழுதும் செந்தில், அப்புறம் நான்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், "இந்த இடத்துல ஒரு லாக் போட்டா போதும்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "எந்த லாக்குங்க டீச்சர்?"

"லாக்னா லாக்தானேம்மா?"

செந்தில் சத்தமாகச் சிரித்தான். அந்த அறையில் 'லாக்' என்று மொட்டையாகச் சொன்னவர் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது எனக்குத் தெரியாது. அன்று வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களில் சிலர் இன்னும் கல்லூரி நினைப்பிலேயே இருப்பீர்கள் என்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டும் என்றால் பூட்டுப் போடுகிறோம். பூட்டு இன்னொருவர் கையில் இருந்தால் வந்தவர் காத்திருக்க வேண்டும். எப்படிக் காத்திருப்பது என்பதில்தான் வித்தியாசம். ஸ்பின்லாக்கில் வந்தவர் கதவை விட்டு நகராமல் 'ஆச்சா, ஆச்சா' என்று கேட்டுக்கொண்டே நிற்பார். அதுவரை அவர் நிற்கும் கோர், அதாவது சிப்பில் வேலையைச் செய்யும் மூளை, வேறு எந்த வேலைக்கும் உதவாது. ம்யூட்டெக்ஸில் வந்தவர் தூங்கப் போய்விடுவார். முறை வந்ததும் கர்னல் எழுப்பும். நொடியில் முடிகிற வேலைக்கு முன்னது, நேரம் பிடிக்கிற வேலைக்குப் பின்னது. மீறக் கூடாத விதி ஒன்றுதான்: ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. வெளியே ஒருவர் நகராமல் நின்றுகொண்டிருப்பார் அல்லவா?

இந்த விதியை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை மீறினால் என்ன ஆகும் என்பதைப் பரமத்தி பக்கம் ஒரு கோழிப்பண்ணையில்தான் பார்த்தேன்.

பண்ணை ருக்குமணி அம்மாவுடையது. நான்கு பக்கமும் அடைத்து, உள்ளே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஈ.சி. ஷெட்டுகள். ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைப் பேடுகள், மறுமுனையில் ஆள் உயரக் காற்றாடிகள். காற்றாடி இழுக்க இழுக்க ஈரக் காற்று ஷெட் முழுக்க ஓடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் கோழிகளுக்குத் தெரியாது. ஆனால் காற்றாடி நின்றால் அதே ஷெட் அடுப்பாகிவிடும். எந்தக் காற்றாடி எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது நம் பெட்டி. அது சொல்வதை நிறுத்தினால் காற்றாடியும் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

அந்த வருடம்தான் பழைய ஒற்றைக் கோர் போர்டை எடுத்துவிட்டு இரட்டைக் கோர் போர்டு போட்டிருந்தோம். நிரல் பெரும்பாலும் பழையதுதான். குளிர்காலம் முழுக்க ஒரு புகாரும் இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் ஒரு மதியம் ருக்குமணி அம்மாவின் ஷெட்டில் பெட்டி உறைந்துபோனது. அவர் வயலிலிருந்து ஓடி வருவதற்குள் நிறையக் கோழிகள் செத்துவிட்டன. பெட்டியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பச்ச லைட்டு பாட்டுக்கு மினுக்கிட்டுதானுங்க இருந்துச்சு. அது நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சுட்டு நாங் காட்டுக்குப் போயிட்டனுங்க."

செந்தில் அது சூட்டினால்தான் என்றான். போர்டின் மேல் அலுமினியத் தகடு ஒட்டி அனுப்பினான். ருக்குமணி அம்மா தன் பங்குக்குப் பெட்டி இருந்த தகரக் கூரைக்கு மேலே ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்தார். அவளோ, "வெயில் ஏறுற நேரத்துல நாம அங்க இருக்கோணும் டீச்சர்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பண்ணையில் எங்களுக்கு மோர் கிடைத்தது, உட்காரக் கயிற்றுக் கட்டில் கிடைத்தது, கூடவே ருக்குமணி அம்மாவின் கோபமும் கிடைத்தது. "பழைய பொட்டியே இருந்திருக்கலாமுங்க அம்மிணி. புதுசு புதுசுன்னு எந் தலைல கட்டிட்டீங்க" என்றார். அவள் தலையாட்டிக்கொண்டே மோரைக் குடித்தாள்.

உச்சி வெயிலில், எங்கள் கண் முன்னாலேயே அது நடந்தது. காற்றாடிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த இரைச்சல் இருந்தவரை கோழிகளின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. இப்போது கேட்டது. பிறகு அதுவும் மாறியது. கொக்கரிப்பு குறைந்து இரைப்பு அதிகமானது. எட்டிப் பார்த்தேன். கூண்டு கூண்டாக வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றன. பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தது.

ருக்குமணி அம்மா பெட்டியின் சுவிட்சைப் பார்த்து ஓடினார்.

"அக்கா! அதத் தொடாதீங்க!"

அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ருக்குமணி அம்மா திகைத்து நின்றார். அவள் அதற்குள் பேனல் போர்டுக்குப் போய், காற்றாடிகளை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பத் தொடங்கியிருந்தாள். ஒன்று ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்பாரம் தாங்காமல் மொத்த லைனும் ட்ரிப் ஆகிவிடும். அவள் காத்திருந்து காத்திருந்து திருப்பியது, ஓடுவதைவிடக் கஷ்டமான வேலை என்று அப்போது எனக்குப் பட்டது. கடைசியாகத் தண்ணீர் மோட்டாரையும் போட்டாள். ஷெட்டுக்குள் காற்று மறுபடி நகர்ந்தது.

ருக்குமணி அம்மாவுக்குப் பேச்சு திரும்பியது. "எங் கோழி சாவுது, நீங்க பொட்டியக் காப்பாத்தறீங்களா? அணைச்சுப் போட்டா ஓடப்போகுது!"

"ஓடுமுங்க அக்கா" என்றாள் அவள். "இப்ப அணைச்சா ஒடனே ஓடும். நாளைக்கு மதியமும் நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு சொல்ற சாட்சி அதுக்குள்ளதான் இருக்குது. அணைச்சா அது போயிரும். போன தடவ அப்பிடித்தான் போச்சு. காத்தாடிய நாங்க கையில ஓட்டறோம். பொட்டிய மட்டும் இப்பிடியே உட்ருங்க."

ருக்குமணி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஷெட்டுக்குள் போய்த் தெர்மாமீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்து குரல் கொடுத்தார்: "முள்ளு மேல ஏறுச்சுன்னா நாங் கேக்க மாட்டனுங்க. ஒயரையே புடுங்கிப் போடுவன்."

"புடுங்கிருங்க" என்றாள் அவள்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். உறைந்த இயந்திரத்தைப் பார்த்தால் நம் கை தானாக சுவிட்சுக்குப் போகும். அவள் முதலில் உயிர்களைப் பார்த்தாள், பிறகு சாட்சியைப் பார்த்தாள். வரிசையை மாற்றவும் இல்லை, இரண்டில் ஒன்றை விடவும் இல்லை. அந்த அம்மாவிடம் பொய்யாக ஒரு ஆறுதலும் சொல்லவில்லை.

நான் அலுமினியத் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. லேப்டாப்பை சீரியல் கேபிளில் இணைத்தேன். மற்ற எல்லாம் நின்றாலும் பெரும்பாலும் பதில் சொல்லும் அவசரக் கட்டளைகள் கர்னலில் உண்டு. இரண்டு கோர்களும் எந்த வரியில் நிற்கின்றன என்று கேட்டேன். பதில் வந்தது. இரண்டும் ஒரே ஸ்பின்லாக்கின் வாசலில் காத்துக்கொண்டிருந்தன. காற்றாடிகளின் நிலையைப் பாதுகாக்கும் ஸ்பின்லாக் அது.

பச்சை விளக்கின் ரகசியமும் அப்போதே புரிந்தது. விளக்கை மினுக்குவதும், உறைந்தால் பெட்டியைத் தானாகத் திருப்பிப் போட வேண்டிய வாட்ச்டாக்கைச் சமாதானப்படுத்துவதும் குறித்த இடைவெளியில் எந்த வேலையையும் இடைமறித்து ஓடும் டைமர் இன்டரப்ட்டின் வேலையாக இருந்தன. கோர் வாசலில் நின்று சுற்றிக்கொண்டிருந்தாலும் இன்டரப்ட் வந்துகொண்டேதான் இருக்கும். வேலை எதுவும் நடக்கவில்லை, ஆனால் நலம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் வெளிய நிக்கறாங்க" என்றாள் அவள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. "அப்ப உள்ள இருக்கறது யாரு டீச்சர்? ரெண்டு கோர்தானே இருக்குது?"

எனக்குக் கரும்பலகை நினைவுக்கு வந்தது. என் கையெழுத்திலேயே அந்த வரி. "உள்ள இருக்கறவன் எந்தக் கோர்லயும் ஓடலம்மா" என்றேன். "பூட்டக் கையில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டான்."

தூங்கும் வேலைகளின் விவரத்தைக் கேட்டேன். திரையில் நீளமாக ஓடியது. நடுவில் அவன் இருந்தான். சூடு எல்லை மீறியதைப் பெட்டியின் ஃபிளாஷ் மெமரியில் பதிவு செய்யப் போன வேலை. மெமரி வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்ததால் முறை வரும்வரை தூங்கப் போயிருக்கிறான். தூங்கப் போனதும் அவனுடைய கோர் அடுத்த வேலையை எடுத்தது. அந்த வேலைக்கும் அதே ஸ்பின்லாக் வேண்டியிருந்தது, வாசலில் நின்றுகொண்டது. இன்னொரு கோரும் அப்படியே. இனி அவனை எழுப்பினாலும் அவன் ஓடுவதற்குக் கோர் இல்லை. சாதாரண நாட்களில் மெமரி ஓய்வாக இருக்கும், தூங்கவே வேண்டியிருக்காது. உச்சி வெயிலில் எல்லா சென்சார்களும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை எழுத ஓடி வரும்போதுதான் நெரிசல். செந்தில் சொன்ன சூடு காரணம்தான், ஆனால் அவன் நினைத்த வழியில் அல்ல.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். வேறு பண்ணைகளிலும் அதே பெட்டிகள் இருந்தன. அவருடைய பதற்றம் நியாயமானது.

"ரெண்டு கோர்தானம்மா பிரச்சினை? ஒரு கோர அணைச்சுட்டு ஓட்டற மாதிரி மாத்தி எல்லாத்துக்கும் இப்பவே அனுப்பிருங்க. பழைய போர்டு ஒத்தக் கோர்ல ஒழுங்காத்தானே ஓடுச்சு?"

கேட்பதற்கு மிகச் சரியாக இருந்தது. நானே சம்மதம் சொல்லியிருப்பேன். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டீச்சர், ஒத்தக் கோர்ல என்ன ஆகும்?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் கணக்கை இன்னொரு தலை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நான் போட்டுப் பார்த்தேன். பூட்டை வைத்திருப்பவன் தூங்கப் போவான். மிச்சமிருக்கும் ஒரே கோர் அடுத்த வேலையை எடுக்கும். அது வாசலில் நின்று சுற்றும். தூங்கியவன் எழுந்து வர இடமே இல்லை. இன்னும் சீக்கிரம் உறையும். பழைய போர்டில் ஓடியதற்குக் காரணம் வேறு. ஒற்றைக் கோருக்கென்று கம்பைல் செய்து தொகுத்த அந்தக் கர்னலில் ஸ்பின்லாக் எழுத்தில் மட்டும்தான் இருக்கும். வாசலில் நின்று சுற்றுகிற பகுதியே தொகுக்கும்போது உதிர்ந்துவிடும். தவறு அப்போதும் இருந்தது, யாரையும் தடுக்கவில்லை.

"அனுப்பக் கூடாது. நிலைமை மோசமாகும்" என்றேன். அவள் அதையே முதலாளியிடம் சொன்னாள். "எல்லாப் பண்ணைக்கும் போன் பண்ணி மதியம் மட்டும் மேனுவல்ல ஓட்டச் சொல்லுங்க சார். பக்கத்துல ஒரு ஆளு நிக்கட்டும். நிரல நாங்க பாக்கறோம்." அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தவில்லை. கடைசியில் அவர்தான் வைத்துவிட்டுப் பண்ணைகளுக்குப் போன் செய்யப் போனார்.

மீதி ஒரு கேள்விதான். பதிவு எழுதும் நிரல் தூங்கக் கூடியது என்று தெரிந்தும் அதை ஏன் ஸ்பின்லாக்குக்குள் அழைத்தோம்? அழைத்தது அவள் எழுதிய நிரல். தேடுவதற்கு முன்னாலேயே செந்திலிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. நான் அனுப்பிய திரை விவரங்களை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பதிவு எழுதற அந்த ஃபங்ஷன் தலைப்புல 'லாக் எடுத்துக்கொண்டு அழைக்கவும்'னு ஒரு குறிப்பு இருக்குது பாருங்க. நான் எழுதுனதுதானுங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நீங்க வர்றதுக்கு முன்னாடி. நாஞ் சொன்னது ஃபிளாஷோட ம்யூட்டெக்ஸ. நீங்க ஒங்க ஸ்பின்லாக்குன்னு எடுத்துட்டீங்க போல."

அவள் அந்த வரியைத் திறந்து பார்த்தாள். "நானும் எந்த லாக்குன்னு கேக்கலையேடா" என்றாள். அவ்வளவுதான். உடனே வேலையைப் பங்கு போட்டாள்.

மாற்றம் சின்னது. ஸ்பின்லாக்குக்குள் இருக்கும்போது எழுத வேண்டிய விவரத்தை நகல் எடுத்துக்கொள்வது, பூட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ம்யூட்டெக்ஸை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுதுவது. நான் எழுதினேன், அவள் வரி வரியாகப் படித்தாள், செந்தில் அங்கே தொகுத்து அனுப்பினான். என் கை உடனே அதை ஏற்றப் போனது. அவள் தடுத்தாள்.

"மொதல்ல பழசையே ஓட்டி, நாமளே நிக்க வைப்போம் டீச்சர். நிக்க வைக்கத் தெரியலைன்னா, நிக்கறதச் சரி பண்ணிட்டோம்னு எப்பிடிச் சொல்றது?"

காற்றாடிகள் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தன, கோழிகளுக்கு ஆபத்தில்லை. பெட்டியை அணைத்துப் போட்டு, பழைய நிரலிலேயே எல்லா சென்சார் ஒயர்களையும் ஒரே நேரத்தில் கழற்றினோம். எச்சரிக்கைகள் குவிந்தன. மறுபடி மறுபடி கழற்றி மாட்டினோம். உறைந்தது. விளக்கு மட்டும் மினுக்கியது. வாழ்க்கையில் ஒரு பெட்டி நின்றுபோனதற்காக நான் கை தட்டியது அன்றுதான். ருக்குமணி அம்மா எங்களை விசித்திரமாகப் பார்த்தார்.

பிறகு புதிய நிரல். அதே ஒயர்கள், அதே விளையாட்டு. நிற்கவில்லை. கை வலிக்கும்வரை செய்தோம். நிற்கவில்லை. காற்றாடிகளை ஒவ்வொன்றாக ஆட்டோவுக்குத் திருப்பினாள். திருப்பிவிட்டு பேனல் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"மத்த ஷெட்டுக்கும் போட்டுருங்களே" என்றார் ருக்குமணி அம்மா. இப்போது அவசரம் அவருடையது.

"இன்னைக்கு இது ஓடட்டுமுங்க அக்கா. நாளைக்கு வெயிலயும் பாத்துட்டு மத்ததுக்குப் போடறோம். அதுவரைக்கும் அதெல்லாம் கையிலயே ஓடட்டும்."

வெயில் இறங்கும்வரை இருந்தோம். கிளம்பும்போது ருக்குமணி அம்மா வாசலை மறித்துக்கொண்டார். "சாப்புடாம எங்க சாமி போறீங்க? ஊட்டுக்குள்ள வாங்க." கம்மஞ்சோறும் தயிரும் போட்டார். கோபம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. பரிமாறிக்கொண்டே, "செத்ததெல்லாம் திரும்ப வருமா?" என்றார். அவள் சோற்றில் கை வைத்தபடி, "வராதுங்க அக்கா" என்றாள். அவர் அவளுடைய தட்டில் இன்னொரு கரண்டி தயிர் ஊற்றினார்.

திரும்பும் வழியில் முதலாளி மறுபடி பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. விவரத்தைக் கேட்டுவிட்டு, "சரி, அந்த வரிய எழுதுனது யாரு?" என்றார்.

"நாங்க எழுதுனதுங்க சார்."

"நாங்கன்னா?"

"எங்க குழு. ரெண்டு பக்கமும் எங்களோடதுதான். நாளைக்கு அறிக்கைல எல்லாம் எழுதித் தர்றேன்." அவர் இன்னும் இரண்டு முறை கேட்டார். அவளும் இரண்டு முறை அதையே சொன்னாள்.

மறுநாள் மதியமும் வெயில் அப்படியே அடித்தது. பெட்டி நிற்கவில்லை. ருக்குமணி அம்மாவின் மற்ற ஷெட்டுகளுக்கும், பிறகு மற்ற பண்ணைகளுக்கும் புதிய நிரல் போனது. சாயங்காலம் செந்தில் அவள் மேசைக்கு வந்து நின்றான். அறிக்கையைப் படித்திருந்தான். நடந்தது எல்லாம் அதில் இருந்தது, யார் பெயரும் இல்லை.

"ஏனுங்கக்கா, எம் பேரச் சொல்லியிருக்கலாம்ல. நானே ஒத்துக்கிட்டனே."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து நீ போன் பண்ணலைன்னா, அந்த வரியத் தேடி நாங்க சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருப்போம். பேரச் சொல்லியிருந்தா அடுத்த தடவ போன எடுக்கறதுக்கு முன்னாடி நீ யோசிப்ப. எனக்கு அந்தப் போனு வேணும்டா."

செந்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீ வாங்கப் போனான். எனக்கும் சேர்த்து.

நான் ஓய்வு பெறும்வரை அந்த மாதிரிப் போன் அவளுக்குப் பல பேரிடமிருந்து வந்திருக்கிறது. சிலது சின்ன விஷயம், சிலது பெரிய விஷயம். உங்களுக்கும் ஒரு நாள் அப்படிக் கூப்பிட வேண்டி வரும். கூப்பிடுங்கள். நன்றாகத் திட்டுவாள். திட்டி முடிப்பதற்குள், எந்தப் பண்ணை என்று கேட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்திருப்பாள்.